ஒரே மடிப்பில் இருசமபக்க முக்கோணம்: பண்புகளும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும்

ஒரு தாள், பென்சில், அளவுகோல், கவராயம், கத்தரிக்கோல். இந்த வழிகாட்டிக்கு இவ்வளவு போதும். கோணமானி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் வெறுமனே படித்துக்கொண்டு போனால் பாதிதான் மனதில் நிற்கும். வரைந்து, வெட்டி, மடித்துப் பார்த்தால்தான் மீதிப் பாதி வரும். அதனால் முதல் வேலையாக முக்கோணத்தைச் செய்துவிடுவோம்.

படி 1: வரைந்து வெட்டுங்கள்

6 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். கவராயத்தை 5 செ.மீ. விரித்து, கோட்டின் ஒரு முனையில் ஊசியை ஊன்றி மேலே ஒரு வில் வரையுங்கள். விரிப்பை மாற்றாமல் மறுமுனையிலிருந்தும் ஒரு வில். இரண்டு வில்களும் வெட்டிக்கொள்ளும் புள்ளியை இரு முனைகளோடும் சேர்த்தால் 5, 5, 6 பக்கங்கள் கொண்ட முக்கோணம் கிடைத்துவிடும். இதே முறையில் 8 செ.மீ. கோட்டின்மேல் இன்னொன்று வரையுங்கள்: 5, 5, 8. ஒவ்வொன்றிலும் நான்கு பிரதிகள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு முக்கோணங்களும் கடைசிப் படி வரை நம்மோடு வரும்.

பெயர்களையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். சமமான இரண்டும் சமபக்கங்கள், மூன்றாவது அடிப்பக்கம். சமபக்கங்கள் சந்திக்கும் முனை உச்சி, அங்கே இருப்பது உச்சிக்கோணம். அடிப்பக்கத்தின் இரு முனைகளில் இருப்பவை அடிக்கோணங்கள். அடிப்பக்கம் என்ற பெயரை வைத்து, அது எப்போதும் கீழேதான் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். முக்கோணத்தை எப்படித் திருப்பி வைத்தாலும் மூன்றாவது பக்கம்தான் அடிப்பக்கம். தேர்வுகளில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். படத்தைச் சாய்த்து வரைந்திருந்தால் எவை அடிக்கோணங்கள் என்றே குழம்பிப்போகிறது. சமபக்கங்கள் எவை என்று முதலில் கண்டுபிடியுங்கள், மற்றதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

வரையறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'சரியாக இரண்டு பக்கங்கள் சமம்' என்பது பண்டைய கிரேக்கக் கணிதவியலாளர் யூக்ளிட் கொடுத்த வரையறை. இன்று 'குறைந்தது இரண்டு பக்கங்கள் சமம்' என்று வைத்துக்கொள்வதே வழக்கம். அப்படி வைத்தால் மூன்று பக்கமும் சமமான சமபக்க முக்கோணமும் இந்தக் குடும்பத்துக்குள் வந்துவிடுகிறது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. இருசமபக்க முக்கோணத்துக்கு நிரூபித்த ஒவ்வொன்றும் சமபக்க முக்கோணத்துக்கும் பொருந்தும்போது அதை ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

வரைய முடியாத சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. அடிப்பக்கம் இரு சமபக்கங்களின் கூடுதலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 'ஒரு இருசமபக்க முக்கோணத்தின் இரு பக்கங்கள் 4, 9. மூன்றாவது எது?' என்று கேட்டால் விடை 9 மட்டும்தான். 4, 4, 9 என்று வரைந்து பாருங்கள், வில்கள் ஒன்றையொன்று தொடவே தொடாது.

படி 2: ஒரே ஒரு மடிப்பு

5, 5, 6 முக்கோணத்தை எடுத்து, அடிப்பக்கத்தின் ஒரு முனையை மறுமுனையின்மேல் வைத்து மடியுங்கள். இரண்டு பாதிகளும் விளிம்பு பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். விரித்துவிட்டு மடிப்புக் கோட்டைப் பாருங்கள். இந்த முக்கோணத்தின் ரகசியம் முழுவதும் அந்த ஒற்றைக் கோட்டில் இருக்கிறது.

அடிக்கோணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. ஆகவே அவை சமம். உச்சிக்கோணம் இரண்டாகப் பிரிந்து, பாதியும் பாதியும் பொருந்தின. ஆகவே மடிப்பு, கோண இருசமவெட்டி. அடிப்பக்கத்தின் இரு துண்டுகளும் பொருந்தின. ஆகவே அது நடுக்கோடு. அடிப்பக்கத்தோடு மடிப்பு உண்டாக்கும் இரு கோணங்களும் சமம், கூடுதல் 180 பாகை. அப்படியானால் ஒவ்வொன்றும் 90 பாகை. ஆகவே அதுவே குத்துக்கோடு. நடுப்புள்ளி வழியாகச் செங்குத்தாகப் போவதால் அடிப்பக்கத்தின் மையக் குத்துக்கோடும் அதுதான்.

நான்கு வெவ்வேறு வேலைகளைச் செய்ய வேண்டிய நான்கு கோடுகள், இங்கே ஒரே கோடாக இருக்கின்றன. மூன்று பக்கமும் வேறு வேறாக உள்ள ஒரு முக்கோணத்தில் உச்சியிலிருந்து இவற்றை வரைந்து பாருங்கள். நடுக்கோடு ஒரு பக்கம், குத்துக்கோடு ஒரு பக்கம், கோண இருசமவெட்டி இரண்டுக்கும் நடுவில் என்று பிரிந்து நிற்கும். மையக் குத்துக்கோடு உச்சி வழியாகப் போகவே போகாது.

இதன் விளைவு ஒன்றும் கையோடு கிடைக்கிறது. முக்கோணத்தின் நான்கு மையங்களும் அந்த மடிப்பின்மேலேயே வரிசையாக நிற்கும்: மூன்று முனைகள் வழியாகவும் போகும் வட்டத்தின் மையம் (சுற்றுவட்ட மையம்), நடுக்கோடுகள் சந்திக்கும் புள்ளி (நடுக்கோட்டு மையம்), மூன்று பக்கங்களையும் உள்ளிருந்து தொடும் வட்டத்தின் மையம் (உள்வட்ட மையம்), குத்துக்கோடுகள் சந்திக்கும் புள்ளி (செங்கோட்டு மையம்). 5, 5, 6 முக்கோணத்தில் மடிப்பின் நீளம் 4 செ.மீ. அடிப்பக்கத்திலிருந்து அளந்தால் சுற்றுவட்ட மையம் 0.875 செ.மீ. உயரத்தில், நடுக்கோட்டு மையம் 1.33-இல், உள்வட்ட மையம் 1.5-இல், செங்கோட்டு மையம் 2.25-இல் இருக்கும். 5, 5, 8 முக்கோணத்தில் இதே நான்கும் அதே கோட்டில்தான் இருக்கின்றன. ஆனால் அது விரிகோண முக்கோணம் என்பதால் சுற்றுவட்ட மையம் அடிப்பக்கத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது, செங்கோட்டு மையம் உச்சியைத் தாண்டி மேலே போய்விடுகிறது.

படி 3: மடித்ததை நிரூபியுங்கள்

தாள் மடிந்தது என்பது நிரூபணம் ஆகாது. ஆனால் நிரூபணத்தை எங்கே தேட வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கிறது.

உச்சியை அ என்றும் அடிமுனைகளை ஆ, இ என்றும் வைத்துக்கொள்வோம். உச்சிக்கோணத்தைச் சமமாகப் பிரிக்கும் கோடு, அடிப்பக்கத்தை ஈ என்ற புள்ளியில் வெட்டட்டும். இப்போது அஆஈ, அஇஈ என்று இரண்டு முக்கோணங்கள். அஆ = அஇ, இது கொடுக்கப்பட்டது. அஈ இரண்டுக்கும் பொது. இடையில் உள்ள கோணங்கள் சமம், ஏனென்றால் நாம் அப்படித்தான் வரைந்தோம். பக்கம்-கோணம்-பக்கம் விதிப்படி இரண்டும் சர்வசமம். ஆகவே ஆ முனையின் கோணமும் இ முனையின் கோணமும் சமம்; ஆஈ = ஈஇ; ஈ புள்ளியில் இருபுறமும் செங்கோணம். மடிப்பு சொன்ன எல்லாமே வந்துவிட்டன.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'உச்சியிலிருந்து அடிப்பக்கத்தின் நடுப்புள்ளிக்குச் செங்குத்தாக ஒரு கோடு வரைவோம்' என்று தொடங்கும் விடைகள் ஏராளம். அது தப்பு. நடுப்புள்ளிக்குக் கோடு வரையலாம், அல்லது செங்குத்தாக வரையலாம். இரண்டும் ஒரே கோடு என்பது நாம் நிரூபிக்க வேண்டிய விஷயம். அதையே முதல் வரியில் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கோட்டுக்கு ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள், மற்றவை முடிவாக வரட்டும்.

யூக்ளிடின் 'எலிமென்ட்ஸ்' என்ற வடிவியல் நூலின் முதல் புத்தகத்தில் இது ஐந்தாவது கூற்று. அவர் சமபக்கங்களைக் கீழ்நோக்கி நீட்டி, கூடுதல் முக்கோணங்களை உண்டாக்கி, சற்றுச் சுற்றிப் போய்த்தான் முடிவுக்கு வருகிறார். ஐரோப்பாவில் இந்தக் கூற்றுக்குக் 'கழுதைப் பாலம்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த பாப்பஸின் பெயரில் வழங்கும் நிரூபணம். அதில் ஒரு கோடுகூட வரைய வேண்டாம். அஆஇ முக்கோணத்தையும், அதையே திருப்பிப் போட்ட அஇஆ முக்கோணத்தையும் இரண்டு முக்கோணங்களாகப் பாருங்கள். அஆ = அஇ, அஇ = அஆ, உச்சிக்கோணம் இரண்டிலும் ஒன்றே. சர்வசமம். முடிந்தது. வெட்டி வைத்திருக்கும் துண்டைப் புரட்டி, அதே ஓட்டைக்குள் திரும்பப் பொருத்துவது போலத்தான். கையில் தாள் இருக்கும்போது இந்த நிரூபணத்தை மறக்கவே முடியாது.

மறுதலையும் உண்மை: இரண்டு கோணங்கள் சமம் என்றால் அவற்றுக்கு எதிரே உள்ள பக்கங்களும் சமம். கணக்குகளில் இதுதான் அதிகம் பயன்படுகிறது, ஏனென்றால் பெரும்பாலும் நமக்குக் கோணங்களே முதலில் கிடைக்கும். அதேபோல ஒரு முக்கோணத்தில் நடுக்கோடும் குத்துக்கோடும் ஒன்றாகவே வந்தாலும், கோண இருசமவெட்டியும் குத்துக்கோடும் ஒன்றாக வந்தாலும் அது இருசமபக்க முக்கோணமே.

அடிமுனைகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் இரு நடுக்கோடுகளும் தமக்குள் சமம். இரு குத்துக்கோடுகளும் அப்படியே, இரு கோண இருசமவெட்டிகளும் அப்படியே. இவற்றின் மறுதலைகளில் முதல் இரண்டும் எளிது. மூன்றாவது, அதாவது 'இரண்டு கோண இருசமவெட்டிகள் சமம் என்றால் முக்கோணம் இருசமபக்கம்' என்பது, பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் விடாப்பிடியானது. 1840-இல் லேமுஸ் என்பவர் இதற்கு வடிவியல் வழியிலேயே ஒரு நிரூபணம் வேண்டும் என்று கேட்டுக் கடிதம் எழுத, ஸ்டெய்னர் ஒன்றைக் கொடுத்தார். இருவர் பெயரிலும் அந்தத் தேற்றம் இன்று வழங்குகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி முயன்று பாருங்கள். நேரான வழி எளிதில் அகப்படாது.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 'எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே' என்று காட்டும் ஒரு பிரபலமான போலி நிரூபணம் உண்டு. உச்சிக்கோணத்தின் இருசமவெட்டியும் அடிப்பக்கத்தின் மையக் குத்துக்கோடும் முக்கோணத்துக்கு உள்ளே வெட்டிக்கொள்வதாகப் படம் போட்டுத் தொடங்கும். அதன்பின் ஒவ்வொரு வரியும் சரியாகவே இருக்கும். தவறு படத்தில்தான். சமபக்கங்கள் இல்லாத முக்கோணத்தில் அந்த இரண்டு கோடுகளும் வெளியே, சுற்றுவட்டத்தின்மேல்தான் சந்திக்கும். கவராயத்தை எடுத்து நிதானமாக வரைந்தால் அரை நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

படி 4: கோணங்களும் நீளங்களும்

கோணக் கணக்கு சுலபம். உச்சிக்கோணம் தெரிந்தால் 180-இலிருந்து கழித்துப் பாதியாக்குங்கள். அடிக்கோணம் தெரிந்தால் இரட்டித்து 180-இலிருந்து கழியுங்கள். அடிக்கோணம் ஒருபோதும் 90-ஐத் தொடாது. ஆகவே 'ஒரு கோணம் 100 பாகை' என்றால் அது உச்சிக்கோணம்தான். மற்றவை 40, 40. ஆனால் 'ஒரு கோணம் 40 பாகை' என்று மட்டும் சொன்னால் இரண்டு விடைகள் உண்டு: 40, 70, 70 அல்லது 40, 40, 100. இரண்டையும் எழுதுங்கள்.

நீளத்துக்கு மறுபடியும் மடிப்புதான். அது முக்கோணத்தை இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரிக்கிறது, பிதாகரஸ் தேற்றம் அங்கே காத்திருக்கிறது: உயரத்தின் வர்க்கம் = சமபக்கத்தின் வர்க்கம் − அடிப்பக்கப் பாதியின் வர்க்கம். 5, 5, 6-க்கு 25 − 9 = 16, உயரம் 4. பரப்பு ½ × 6 × 4 = 12 ச.செ.மீ.

சரி, 5, 5, 8-க்குப் போடுங்கள். 25 − 16 = 9, உயரம் 3. பரப்பு ½ × 8 × 3. அதுவும் 12!

இரண்டு முக்கோணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, இன்னொன்று படுத்துக் கிடக்கிறது. பரப்பு மட்டும் ஒன்றே. இரண்டையும் மடிப்பில் வெட்டிப் பார்த்தால் காரணம் தெரியும்: இரண்டிலிருந்தும் வருவது ஒரே 3, 4, 5 செங்கோண முக்கோணம். ஒன்றில் அவை 4 செ.மீ. விளிம்பில் ஒட்டியிருந்தன, மற்றதில் 3 செ.மீ. விளிம்பில். உச்சிக்கோணங்களை அளந்தால் சுமார் 73.7, 106.3. கூட்டினால் 180. இதுவும் தற்செயல் இல்லை. கவராயத்தின் இரு கால்களைப் போலச் சமபக்கங்களை மெல்ல விரித்துக்கொண்டே போவதாக நினையுங்கள். பரப்பு கூடிக்கொண்டே போய், உச்சிக்கோணம் 90 ஆகும்போது உச்சத்தைத் தொடும் (இங்கே 12.5 ச.செ.மீ.), அப்புறம் குறையத் தொடங்கும். 90-க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தூரத்தில் உள்ள இரண்டு கோணங்களுக்குப் பரப்பு சமமாகவே இருக்கும்.

அதிகம் பேசப்படாத ஒரு பண்பையும் இங்கே அளந்து பாருங்கள். 5, 5, 6 முக்கோணத்தின் அடிப்பக்கத்தில் எங்கு வேண்டுமானாலும் ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து இரு சமபக்கங்களுக்கும் செங்குத்துத் தூரத்தை அளந்து கூட்டுங்கள். புள்ளியை எங்கே நகர்த்தினாலும் கூடுதல் 4.8 செ.மீ.தான். நடுவில் வைத்தால் 2.4 + 2.4, முனைக்கே கொண்டுபோனால் ஒன்று பூச்சியமாகி மற்றது முழு 4.8 ஆகிவிடும். உச்சியையும் அந்தப் புள்ளியையும் ஒரு கோட்டால் இணைத்தால் இரண்டு சிறு முக்கோணங்கள் வரும். இரண்டுக்கும் 5 செ.மீ. பக்கத்தையே அடியாக எடுத்துக்கொண்டு பரப்பைக் கூட்டினால் ½ × 5 × (கூடுதல்) = 12. அவ்வளவுதான் நிரூபணம்.

படி 5: வட்டத்துக்குள் ஒளிந்திருப்பவை

வட்டம் எங்கே இருந்தாலும் அங்கே இருசமபக்க முக்கோணம் இருக்கும், ஏனென்றால் எந்த இரண்டு ஆரங்களும் சமம். ஒரு நாணின் இரு முனைகளையும் மையத்தோடு சேர்த்தாலே ஒன்று கிடைத்துவிடும். மையத்திலிருந்து நாணுக்கு வரையும் செங்குத்து நாணைச் சமமாகப் பிரிக்கும் என்று படிக்கிறோமே, அது நம் மடிப்புதான்.

அரைவட்டத்தில் உள்ள கோணம் செங்கோணம் என்பதும் இப்படியே வருகிறது. விட்டத்தின் இரு முனைகளையும் வட்டத்தின்மேல் உள்ள ஒரு புள்ளியோடு சேருங்கள். அந்தப் புள்ளியிலிருந்து மையத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். இப்போது இரண்டு இருசமபக்க முக்கோணங்கள். ஒன்றின் அடிக்கோணங்கள் இரண்டிலும் ஒரு புள்ளி வையுங்கள், மற்றதன் அடிக்கோணங்கள் இரண்டிலும் ஒரு சிறு கோடு போடுங்கள். பெரிய முக்கோணத்துக்குள் மொத்தம் இரண்டு புள்ளி, இரண்டு கோடு, கூடுதல் 180. வட்டத்தின்மேல் உள்ள முனையில் ஒரு புள்ளியும் ஒரு கோடும். ஆகவே அங்கே 90.

படி 6: இரண்டை ஒட்டினால் என்ன வரும்?

முதலில் 3, 4, 5 பாதிகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சம விளிம்புகளை முழுதாகப் பொருத்தி எத்தனை வடிவங்கள் செய்ய முடியும்? மொத்தம் ஆறு. 4 செ.மீ. விளிம்பில் ஒட்டினால், ஒரு துண்டைப் புரட்டிப் போட்டால் 5, 5, 6 முக்கோணம், புரட்டாமல் சுற்றி வைத்தால் 3-உம் 5-உம் பக்கங்களாக உள்ள இணைகரம். 3 செ.மீ. விளிம்பில் ஒட்டினால் 5, 5, 8 முக்கோணம், அல்லது 4-உம் 5-உம் உள்ள இணைகரம். 5 செ.மீ. கர்ணத்தில் ஒட்டினால் செவ்வகம், அல்லது புரட்டினால் பட்டம். புரட்டுவதற்கும் சுற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் கையில் படுவது இங்கேதான். புரட்டினால் ஒட்டிய விளிம்பு சமச்சீர்க்கோடாகிறது. சுற்றினால் அதன் நடுப்புள்ளி சமச்சீர் மையமாகிறது.

இனி முழு முக்கோணங்கள். இரண்டு 5, 5, 6 துண்டுகளை அடிப்பக்கத்தில் ஒட்டினால் சாய்சதுரம். மூலைவிட்டங்கள் 6, 8, பரப்பு 24. இரண்டு 5, 5, 8 துண்டுகளை அடிப்பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். மூலைவிட்டங்கள் 8, 6. அதே சாய்சதுரம்! ஒரே சாய்சதுரத்தைக் குறுக்கே வெட்டினால் ஒன்று, நெடுக்கே வெட்டினால் மற்றது.

சமபக்கத்தில் ஒட்டினால் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். சுற்றி வைத்தால் இணைகரம். உச்சியோடு உச்சி சேருமாறு புரட்டி வைத்தால், 5, 5, 6 துண்டுகள் ஒரு பட்டத்தைத் தரும். 5, 5, 8 துண்டுகளோ உள்ளே குழிந்த அம்புமுனை போன்ற வடிவத்தைத் தரும். உச்சிக்கோணம் 90-க்கு மேல் இருப்பதால் இரண்டு சேர்ந்து 180-ஐத் தாண்டிவிடுகின்றன, அந்த மூலை உட்பக்கமாக மடங்கிவிடுகிறது.

மூன்று 5, 5, 6 துண்டுகளைத் தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கினால் இருசமபக்கச் சரிவகம்: இணைப்பக்கங்கள் 6, 12, சாய்வுகள் 5, 5. இருசமபக்க முக்கோணத்தை அடிப்பக்கத்துக்கு இணையாக வெட்டினாலும் கீழ்த்துண்டு அதே இன வடிவம்தான். நான்கு துண்டுகள் சேர்ந்தால் 10, 10, 12 பக்கங்களோடு பெரிய முக்கோணம், நம் துண்டின் வடிவொத்த அண்ணன். அதைக் கலைக்காமல் அளவு குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் வேண்டும்.

படி 7: உச்சியைச் சுற்றி அடுக்குவது

ஒரே மாதிரி முக்கோணங்களை உச்சிகள் ஒரு புள்ளியில் சேரும்படி வட்டமாக அடுக்கினால் ஒழுங்குப் பலகோணம் பிறக்கும். உச்சிக்கோணம் 360-ஐ மிச்சமில்லாமல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 120 என்றால் மூன்று சேர்ந்து சமபக்க முக்கோணம். 90 என்றால் சதுரம், 72 என்றால் ஐங்கோணம், 60 என்றால் அறுகோணம், 45 என்றால் எண்கோணம்.

30 பாகையில் ஒரு அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது. 30 பாகை உச்சிக்கோணம் உள்ள முக்கோணத்தில், ஒரு சமபக்கத்தின் முனையிலிருந்து மற்ற சமபக்கத்துக்கு வரையும் குத்துக்கோட்டின் நீளம் சமபக்கத்தில் சரிபாதி. ஆகவே அதன் பரப்பு சமபக்க வர்க்கத்தில் நான்கில் ஒன்று. பன்னிரண்டு சேர்ந்து பன்னிரண்டு பக்கப் பலகோணமாகும்போது பரப்பு, ஆரத்தின் (அதாவது சமபக்கத்தின்) வர்க்கத்தைப் போலச் சரியாக மூன்று மடங்கு. வர்க்கமூலங்களோ பின்னங்களோ எதுவும் மிஞ்சாது. இதைச் சுற்றியுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 3.1416 மடங்கு. இரண்டுக்கும் இடையில் ஓரமாக மிஞ்சும் கீற்றுகள்தான் அந்த 0.1416.

படி 8: 36 பாகை முக்கோணம்

இந்தக் குடும்பத்தில் எனக்கு மனதுக்கு மிக நெருக்கமான முக்கோணம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். அடிப்பக்கம் 5 செ.மீ., சமபக்கங்கள் 8.1 செ.மீ. என்று வரைந்து வெட்டுங்கள் (துல்லியமாகச் சொன்னால் 8.09). கோணங்கள் 36, 72, 72. ஒவ்வொரு அடிக்கோணமும் உச்சிக்கோணத்தைப் போல இரு மடங்கு. யூக்ளிட் தம் நான்காம் புத்தகத்தின் பத்தாவது கூற்றில் இதை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையும் வழியைத் தருகிறார்.

ஒரு அடிக்கோணத்தைச் சரிபாதியாக மடியுங்கள். அடிப்பக்கம் சமபக்கத்தின்மேல் வந்து படியும்போது மடிப்பு சரியாக இருக்கும். மடிப்பில் வெட்டுங்கள். இப்போது இரண்டு துண்டுகள், இரண்டுமே இருசமபக்கம். சிறியதன் பக்கங்கள் 5, 5, சுமார் 3.1, கோணங்கள் மறுபடியும் 36, 72, 72. முழு முக்கோணத்தின் சின்னப் பிரதி! மற்றதன் பக்கங்கள் 5, 5, 8.1, கோணங்கள் 36, 36, 108. சிறிய துண்டை மீண்டும் அதே மாதிரி வெட்டலாம், அதன் சிறியதை மீண்டும். விரல்களால் பிடிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப்போகும் வரை வெட்டிக்கொண்டே போகலாம்.

8.09 என்ற எண் எங்கிருந்து வந்தது? அடிப்பக்கத்தை 1 என்றும் சமபக்கத்தை க என்றும் வையுங்கள். வெட்டியபின் வெட்டுக்கோடும் 1, சமபக்கத்தில் உச்சிப் பக்கத்துத் துண்டும் 1. ஆகவே கீழே மிஞ்சுவது க − 1. சிறிய முக்கோணம் பெரியதோடு வடிவொத்தது என்பதால் க : 1 = 1 : (க − 1). அதாவது க × (க − 1) = 1. தீர்த்தால் க = (1 + √5) ÷ 2, சுமார் 1.618. இதுதான் தங்க விகிதம். யாரும் அதைக் கொண்டுவந்து வைக்கவில்லை. அடிக்கோணத்தைப் பாதியாக மடித்ததும் அதுவாகவே வந்து நிற்கிறது.

இந்த இரண்டு துண்டுகளும் ஐங்கோணத்தின் எலும்புகள். ஒழுங்கு ஐங்கோணத்தின் ஒரு முனையிலிருந்து இரண்டு மூலைவிட்டங்களும் வரைந்தால் நடுவில் ஒரு 36-72-72, இருபுறமும் இரண்டு 108 பாகை முக்கோணங்கள். ஐந்து மூலைவிட்டங்களையும் வரைந்தால் வரும் நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் 36-72-72. பத்து 36 பாகை முக்கோணங்களை உச்சியைச் சுற்றி அடுக்கினால் பத்துப் பக்கப் பலகோணம்.

1970-களில் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ரோஜர் பென்ரோஸ் கண்டுபிடித்த, ஒரே அமைப்பு சீராகத் திரும்பத் திரும்ப வராமலேயே தளம் முழுவதையும் நிரப்பும் ஓடுகளுக்குள்ளும் இவையே இருக்கின்றன. அவருடைய பட்டம் வடிவ ஓட்டை அதன் சமச்சீர்க்கோட்டில் வெட்டினால் இரண்டு 36-72-72. அம்புமுனை ஓட்டை வெட்டினால் இரண்டு 36-36-108. நாம் ஆறாம் படியில் 5, 5, 6-ஐயும் 5, 5, 8-ஐயும் சமபக்கத்தில் ஒட்டி எடுத்த அதே இரண்டு வகை வடிவங்கள்.

படி 9: செங்கோண இருசமபக்கம்

45, 45, 90. சமபக்கம் 1 என்றால் அடிப்பக்கம் √2. இதை மடிப்பில் வெட்டினால் இரண்டு துண்டுகளும் முழுசைப் போலவே இருக்கும், அளவு மட்டும் சிறிது. இருசமபக்க முக்கோணங்களில் இப்படி இரண்டு சமமான, தன்னைப் போன்ற பாதிகளாகப் பிரிவது இது ஒன்றுதான்.

ஒரு ஏ4 தாளை எடுங்கள். 210 × 297 மி.மீ. குட்டைப் பக்கம் நெட்டைப் பக்கத்தின்மேல் படியும்படி ஒரு மூலையை மடியுங்கள். கிடைப்பது 210 மி.மீ. சமபக்கங்கள் உள்ள செங்கோண இருசமபக்க முக்கோணம். அதன் மடிப்பு விளிம்பை இன்னொரு ஏ4 தாளின் நெட்டைப் பக்கத்தோடு வைத்து ஒப்பிடுங்கள். முனையோடு முனை பொருந்தும்! 210 × √2 என்பது 296.98. தாளின் அளவை வகுத்தவர்கள் √2 விகிதத்தையே எடுத்துக்கொண்டதால் வந்த பொருத்தம் இது.

ஒரு சதுரத்தை ஏழு துண்டுகளாக வெட்டி வடிவங்கள் செய்யும் டேன்கிராம் என்ற சீனப் புதிரில் ஐந்து துண்டுகள் இந்த முக்கோணமே. சதுரமும் இணைகரமும்கூட இவற்றில் இரண்டிரண்டு சேர்ந்தவை. எல்லாவற்றையும் சிறிய முக்கோண அளவில் எண்ணினால் மொத்தம் 16. ஏழு துண்டுகளையும் வைத்து உள்ளே குழியாத வடிவங்கள் சரியாக 13 மட்டுமே செய்ய முடியும் என்று 1942-இல் இரண்டு சீனக் கணிதவியலாளர்கள் நிரூபித்தார்கள்.

படி 10: எந்த முக்கோணத்தையும் இதுவாக வெட்டலாம்

ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தின் நடுப்புள்ளியைச் செங்கோண முனையோடு சேருங்கள். இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் கிடைக்கும். ஐந்தாம் படியின் அரைவட்டத்தைத் தலைகீழாகப் படித்தால் காரணம் புரியும். இப்போது உங்கள் விருப்பப்படி எவ்வளவு கோணலான முக்கோணத்தையும் வரையுங்கள். மிகப் பெரிய பக்கத்துக்குக் குத்துக்கோடு போட்டால் இரண்டு செங்கோண முக்கோணங்கள். ஒவ்வொன்றையும் மேற்சொன்னபடி வெட்டினால் மொத்தம் நான்கு இருசமபக்க முக்கோணங்கள். விதிவிலக்கே கிடையாது.

இருசமபக்க முக்கோணத்தையே ஒரு வெட்டில் இரண்டு இருசமபக்க முக்கோணங்களாக்க வேண்டும் என்றால் மட்டும் நிபந்தனை கடுமையாகிறது. உச்சிக்கோணம் 90, 108, 36 அல்லது 180-இல் ஏழில் ஒரு பங்காக இருக்க வேண்டும். முதல் மூன்றும் நமக்குப் பழக்கமானவை. நான்காவதில் அடிக்கோணத்தை ஒன்றுக்கு இரண்டு என்று பிரிக்க வேண்டும், சிறிய பங்கு உச்சியின் பக்கம் இருக்கட்டும். கோணங்களை எல்லாம் ஏழில் பங்குகளாக எழுதிப் பாருங்கள், பொருந்தி வரும்.

படி 11: தட்டையிலிருந்து எழுப்புவது

10, 10, 12 செ.மீ. முக்கோணம் ஒன்றைச் சற்றுக் கெட்டியான தாளில் வரைந்து வெட்டுங்கள். மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் கோடுகளால் இணையுங்கள். உள்ளே நான்கு 5, 5, 6 முக்கோணங்கள் தெரியும். அந்த மூன்று கோடுகளையும் அழுத்தி மடித்து, மூன்று முனைகளையும் மேலே தூக்குங்கள். மூன்றும் ஒரே புள்ளியில் வந்து சேரும். நான்கு முகங்களும் சர்வசமமான ஒரு நான்முகி இப்போது உங்கள் கையில். விளிம்புகளில் ஒட்டுநாடா போட்டு மேசைமேல் உருட்டி விடுங்கள். எந்த முகத்தில் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இனி 10, 10, 16 முக்கோணத்தில் அதையே செய்யுங்கள். உள்ளே நான்கு 5, 5, 8. கோடுகள் சரி, மடிப்புகள் சரி, ஆனால் எப்படித் தூக்கினாலும் மூன்று முனைகளும் ஒன்றுசேராது. விரிகோண முக்கோணம் நான்முகியாக மூடாது. மூன்று கோணங்களும் குறுங்கோணங்களாக இருந்தால்தான் மூடும். பரப்பு ஒன்றாக இருந்தும், ஒரே சாய்சதுரத்துக்குள் இருந்தும், ஒரே 3, 4, 5 பாதிகளால் ஆகியும், நம் இரண்டு முக்கோணங்களும் இங்கே பிரிகின்றன.

இரண்டுக்கும் நடுவில் நிற்கும் 90 பாகை முக்கோணத்தையும் விட்டுவிடாதீர்கள். சமபக்கங்கள் 10, 10 வைத்து, உச்சியைச் செங்கோணமாக வெட்டி, நடுப்புள்ளிக் கோடுகளில் மடியுங்கள். அடிமுனைகள் இரண்டும் படிந்துகொண்டே போய் உச்சியின்மேல் உட்காரும். உச்சியில் உள்ள மடிப்பு அசையவே அசையாது. பருமன் எதுவும் இல்லை. தாள் இரண்டு அடுக்காகப் படிந்து, 5 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரமாக மேசைமேல் கிடக்கும்.